வெள்ளிக்கிழமையே சொல்லக் கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சனிக்கிழமை சாயங்காலம் பெங்களூரு அல்சூரிலிருந்து ஜே.பி. நகர் ரங்க சங்கரா நாடக அரங்கத்துக்குப் போவது என்றால் சும்மாவா, நாடகம் ஆரம்பித்துவிட்டால் யாராக இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் மெட்ரோ, ஆட்டோ என்று மாறி மாறி ஓடி மூச்சிரைக்கப் போய் உட்கார்ந்தோம். கன்னட நடிகர், இயக்குநர் சங்கர் நாக் நினைவாக 2004இல் திறந்த அரங்கம், அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். மறுநாள் சௌடையா அரங்கில் பரதநாட்டியம். வயலின் வடிவக் கட்டிடத்தைப் பார்த்து வாய்பிளந்த பேத்தி உள்ளே போனதும் தூங்கிவிட்டாள், அது வேறு கதை. ராத்திரி ஒரு காமெடி ஷோ: 40 நிமிடம் தாமதம், பாதி ஜோக் டிராஃபிக்கைப் பற்றி. அதைத்தான் தினமும் பார்க்கிறோமே!

சரி, இங்கே தமிழ் நாடகம் எப்போது, எங்கே? நிகழ்ச்சி முடிந்த பிறகு பத்திரிகையில் புகைப்படம் போடுகிறீர்களே, வெள்ளிக்கிழமையே அதைப் பற்றி நாலு வரி போடக் கூடாதா?

– வாசகர், அல்சூர், பெங்களூரு