டெக்சாஸ் பள்ளி வாரியங்களும் நம் பெற்றோரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

டெக்சாஸில் வீடு தேடும் நம்மவர்கள் 'எந்தப் பள்ளி மாவட்டம்?' என்று துருவித் துருவி விசாரிப்பார்கள். குடியேறிய அப்புறம் அந்த மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் வாரியம் என்ன செய்கிறது என்று எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

இங்கே வாரிய உறுப்பினர்கள் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்கள், சம்பளம் கிடையாது. சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடரோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதிகபட்சம் 140 நாள்தான். அதனால் வாரியங்கள் முன்கூட்டியே கலந்துபேசி, அரசுப் பள்ளிகளுக்காகச் சட்டமன்றத்தில் எதை வலியுறுத்துவது என்று பொதுவாக முடிவு செய்கின்றன. அவர்களின் நெடுநாள் கோரிக்கை, பள்ளி நிதியைக் கணக்கிட ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று மாநிலம் வைத்திருக்கும் 'அடிப்படை ஒதுக்கீட்டை' உயர்த்துவது. 2019 முதல் ஒரு மாணவருக்கு 6,160 டாலர் என்றே நின்றிருந்த அது, 2025இல் 55 டாலர் ஏறியது. ஆசிரியர் ஊதியத்துக்குத் தனியாக நிதி தந்தார்கள், சரி. ஆனால் இத்தனை ஆண்டு விலைவாசிக்கு 55 டாலர் எந்த மூலைக்கு? அதே கூட்டத்தொடரில், பல வாரியங்கள் எதிர்த்தும், தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு உதவும் திட்டத்துக்கு 100 கோடி டாலர் ஒதுக்கினார்கள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

அடுத்த வழக்கமான கூட்டத்தொடர் 2027 ஜனவரியில். கோரிக்கைகள் அதற்கு முன்பே முடிவாகிவிடும். வாரியக் கூட்டத்தில் பேச ஓட்டுரிமை தேவையில்லை; பொருள்நிரலில் உள்ளதைப் பற்றிப் பொதுமக்கள் பேச 2019ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தருகிறது. வேலை விசாவில் இருப்பவர்கள் 'நமக்கென்ன' என்று ஒதுங்குவது ஏன்? சொத்து வரி அவர்களும்தானே கட்டுகிறார்கள்?

– ஒரு வாசகி, ஆஸ்டின், டெக்சாஸ்