‘நூறாண்டு ஆயுள்’ என்று விற்கப்பட்ட புளூ-ரே வட்டுகள் குறித்த புகார்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: விளம்பரத்தில் கூறியதற்கு மாறான பதிவு வட்டுகளை அனுப்பியது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். திருமணம், காதணி விழா போன்றவற்றைப் படம்பிடித்துத் தரும் சிறிய ஸ்டுடியோ ஒன்றை நடத்தி வருகிறேன். மூல வீடியோக்களைப் பாதுகாத்து வைப்பதற்காகத் தங்கள் இணையக் கடையில் 25 ஜிபி புளூ-ரே வட்டுகளை வாங்கினேன். ‘கனிமப் பதிவு அடுக்கு, நூறாண்டு ஆயுள்’ என்று விற்பனைப் பக்கத்தில் இருந்த வரியை நம்பியே, சாதாரண வட்டுகளைவிடக் கூடுதல் விலை கொடுத்தேன்.

பதிவு செய்தவுடன் சரிபார்த்தபோது பிழை எதுவும் இல்லை. சில மாதங்கள் கழித்து அதே வட்டுகளைப் போட்டால், வெளி விளிம்பை ஒட்டிய கோப்புகளுக்கு வந்ததும் டிரைவ் வேகம் குறைந்து, திணறி, கடைசியில் ‘படிக்க இயலவில்லை’ என்று நின்றுவிடுகிறது. வட்டுகளின் அடிப்புறம், கனிம அடுக்குள்ள வட்டுகளைப் போலக் கருஞ்சாம்பல் நிறத்தில் இல்லை, பொன்னிறமாக இருக்கிறது. பெட்டியின் அடியில், விலைச் சீட்டு பாதி மறைத்த இடத்தில், ‘எல்.டி.எச்.’ என்று பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது. பழைய டி.வி.டி. தயாரிப்பு இயந்திரங்களையே பயன்படுத்தி மலிவாகச் செய்வதற்காக, வெளிச்சத்தாலும் வெப்பத்தாலும் எளிதில் பாதிக்கப்படும் கரிமச் சாயத்தைப் பூசித் தயாரிக்கும் வகை அது.

இரண்டு வகையும் புளூ-ரே தரநிலைக்கு உட்பட்டவையே என்பதால் குறை ஏதும் இல்லை என்று தங்கள் சேவைப் பிரிவு பதில் அனுப்பியுள்ளது. தரநிலைக்கு உட்பட்டவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வட்டை டிரைவ் எப்படிப் படிக்க வேண்டும் என்பதைத்தான் தரநிலை வரையறுக்கிறதே தவிர, அது எத்தனை ஆண்டு தாங்கும் என்பதற்கு அது பொறுப்பேற்பதில்லை. தோஷிபாவின் எச்.டி. டி.வி.டி. என்ற போட்டி வட்டு வகையும் புளூ-ரேயும் மோதிக்கொண்டிருந்த நாட்களில், ஓர் அடுக்குக்கு 15 ஜிபியா 25 ஜிபியா என்பதைப் பெட்டியைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடிந்தது. 2008 பிப்ரவரியில் தோஷிபா பின்வாங்கியதோடு அந்தப் போட்டி முடிந்தது. இப்போதோ ஒரே பெயரில், ஒரே அளவில், இரு வேறு பொருட்கள் விற்கப்படுகின்றன; வேறுபாட்டைச் சொல்ல வேண்டிய இடத்தில் தாங்கள் நேர்மாறாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

‘கிளவுடில் சேமித்துக்கொள்ளலாமே’ என்ற ஆலோசனையையும் அந்தப் பதிலில் கண்டேன். மாதக் கட்டணம் நின்றால் கோப்பும் போய்விடும் ஓர் ஏற்பாட்டை, வட்டு விற்கும் நிறுவனமே பரிந்துரைப்பது வேடிக்கைதான். சோனி நிறுவனமே 2025 பிப்ரவரியுடன் புளூ-ரே பதிவு வட்டுகளின் உற்பத்தியை நிறுத்திவிட்ட நிலையில், நல்ல வட்டுகளைத் தேடிப் பிடிப்பதும் இனி எளிதல்ல.

ஆகவே, நான் செலுத்திய முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும், அல்லது கனிம அடுக்குள்ள வட்டுகளை மாற்றித் தர வேண்டும். விற்பனைப் பக்கத்தில் உள்ள வாசகத்தையும் உடனே திருத்த வேண்டும். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன் எனத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், விற்பனைப் பக்கத்தின் படம், பெட்டி மற்றும் வட்டின் ஒளிப்படங்கள்.