மண்டபமும் விறாந்தையும்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.
16.04.2025

அன்புள்ள பரமேஸ்,

மார்ச் கடைசியில் நீர் எழுதிய கடிதம் வருடப்பிறப்புக்கு முதல்நாள் கைக்குக் கிடைத்தது. உம்முடைய கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததும், பேத்தி பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் எடுத்திருப்பதும் மனதுக்கு நிறைவு. இங்கே நாங்கள் சுகம். வருகிற மே 6 ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் என்பதால் ஒழுங்கைக்கு ஒழுங்கை ஒலிபெருக்கி. அந்தச் சத்தத்துக்கு யன்னலைச் சாத்திவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பாங்கொக்கில் பிம்ஸ்டெக் என்ற வங்காள விரிகுடா நாடுகளின் அமைப்பில் உள்ள ஏழு நாடுகளின் தலைவர்கள் கூடி என்ன கிழிக்கப் போகிறார்கள், வரிசையில் நின்று படம் பிடித்துவிட்டுக் கலைவார்கள் என்று நீர் எழுதியிருந்தீர். பாதி சரி. 1997 இல் அதே பாங்கொக்கில் நான்கு நாடுகளோடு தொடங்கிய அமைப்பு இந்த 28 வருடத்தில் ஆறு தடவைதான் உச்சி மாநாடு கூட்டியிருக்கிறது. அதற்கென ஒரு சாசனம் எழுதிக் கைச்சாத்திடவே 2022 வரை எடுத்தது. ஆனாலும் இப்போது அதற்குக் கொஞ்சம் உயிர் வந்திருப்பதற்குக் காரணம் அதனுடைய பலம் அல்ல, சார்க் என்ற தெற்காசிய நாடுகளின் அமைப்பினுடைய படுக்கை என்பதை நீரும் அறிவீர். 2014 நவம்பரில் காத்மண்டுவில் கூடியதுதான் சார்க்கின் கடைசி உச்சி மாநாடு. 2016 செப்டெம்பரில் காஷ்மீரில் ஊரி இராணுவ முகாம் தாக்கப்பட்டதும் இந்தியா அடுத்த மாநாட்டுக்கு இஸ்லாமாபாத்துக்குப் போக மறுத்தது, மற்றவர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள், அன்றிலிருந்து அந்த வீடு பூட்டியே கிடக்கிறது. அண்ணன் தம்பி வழக்கில் நாற்சார் வீடு பூட்டுண்டு கிடக்க, பக்கத்து வளவில் கொட்டில் போட்டு, வழக்குக்காரர் ஒருவரைத் தவிர்த்து மற்றவர்களுக்கு விருந்து வைப்பதை நம் ஊரில் எத்தனை தரம் பார்த்திருக்கிறோம்! பிம்ஸ்டெக் அந்தக் கொட்டில்தான். அங்கே பாகிஸ்தானுக்குக் கதிரை இல்லை.

என்றாலும் அந்தப் படங்களை நான் உம்மைப் போல அலட்சியமாகப் பார்க்க மாட்டேன். இம்முறை பாங்கொக்கில் மோடியும் பங்களாதேஷின் இடைக்கால அரசின் தலைவர் யூனுஸும் சந்தித்தார்கள். சென்ற வருடம் ஓகஸ்டில் ஷேக் ஹசீனா பதவி இழந்து இந்தியாவுக்குப் போன பிறகு அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசியது இதுவே முதல்முறை. அதற்குச் சில நாட்கள் முன்னர்தான் யூனுஸ் சீனாவில் நின்று, இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்களுக்குக் கடல் வழி இல்லை, அந்தப் பகுதிக்கு நாங்களே கடலின் காவலர் என்ற பொருளில் பேசி, டெல்லியைச் சீண்டியிருந்தார். அப்படிப் பேசிவிட்டு வந்தவர் சந்திப்பில் மோடிக்கு என்ன கொடுத்தார் தெரியுமா? ஒரு பழைய நிழற்படம். 2015 ஜனவரியில் மும்பையில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் மோடி தனக்குத் தங்கப் பதக்கம் அணிவித்த படத்தைச் சட்டமிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். நான்கு பக்க இராசதந்திரக் குறிப்பு எழுதினாலும் சொல்ல முடியாததை அந்தச் சட்டம் சொல்லிவிட்டது: நாம் எப்போதும் இப்படி இருக்கவில்லை. அதே மாநாட்டில் மியன்மாரின் இராணுவத் தலைவர் மின் ஓங் லைங்கும் உட்கார்ந்திருந்தார். 2021 ஒக்டோபரிலிருந்து தென்கிழக்காசிய நாடுகளின் அமைப்பான ஆசியான் தன் உச்சி மாநாடுகளுக்கு அழைக்காத மனிதருக்கு அந்தக் கதிரை கிடைத்ததே பெரிய இலாபம். மார்ச் 28 பூகம்பத்தில் அவருடைய நாட்டில் ஆயிரக்கணக்கானோர் மாண்டு ஒரு கிழமைதான் ஆகியிருந்தது என்பதால், அவரை ஏன் அழைத்தீர்கள் என்று கேட்கவும் பலருக்கு நா எழவில்லை.

ஆகவே, மாநாட்டு மண்டபத்துக்குள் வாசிக்கப்படும் உரைகளை விட்டுவிட்டு அதன் விறாந்தையைப் பார்க்க வேண்டும் என்பதே என் கட்சி. நான் இதைப் புதிதாகச் சொல்லவில்லை. சார்க்கின் சாசனத்திலேயே இருதரப்புப் பிணக்குகளும் சர்ச்சைக்குரிய விடயங்களும் பேச்சுக்கு எடுக்கப்பட மாட்டா என்று எழுதியிருக்கிறது. சாசனம் எழுதி ஒரு வருடம் நிறைவதற்கு முன்பே, 1986 நவம்பரில் பெங்களூரில் இரண்டாவது மாநாடு நடந்தபோது, ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனவும் அங்கே எங்களைப் பற்றித்தான் பேசினார்கள். சென்னையிலிருந்து பிரபாகரனையும் பாலசிங்கத்தையும் கொண்டுவந்து, எம்.ஜி.ஆரையும் அழைத்து, மண்டபத்துக்கு வெளியே எவ்வளவோ பேசிப் பார்த்தார்கள். உடன்பாடு வரவில்லை. எட்டு மாதம் கழித்து, 1987 ஜூலை 29 இல் கொழும்பில் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, விறாந்தையில் நின்று பேசக்கூட எங்களவர் எவரும் இருக்கவில்லை. நீரும் நானும் அன்றிரவு வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்து, கையெழுத்திட்டவர்களில் தமிழர் எவர் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டது நினைவிருக்கிறதா?

அதற்கும் முன்னர், 1976 ஓகஸ்டில் அணிசேரா நாடுகள் மாநாட்டைச் சிறிமாவோ அம்மையார் தலைமையேற்று நடத்தினார். சீனா அன்பளிப்பாகக் கட்டிக்கொடுத்த பண்டாரநாயக்க மண்டபத்தில் எண்பதுக்கு மேற்பட்ட நாடுகள் கூடி, சிறிய நாடுகளின் உரிமையைப் பற்றி முழங்கின. தனித் தமிழீழம் கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறி அப்போது மூன்று மாதம். அந்த முழக்கத்தில் மயங்கிப் போன இளவட்டங்களில் நானும் ஒருவன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

நாம் இருவரும் உண்மையில் முரண்பட்டது 2013 இல்தான். கொழும்பில் பொதுநலவாய உச்சி மாநாடு நடக்கப்போகிறது என்றதும் உங்கள் கனடாப் பிரதமர் ஹார்ப்பர் வரமாட்டேன் என்று அறிவித்தார். நீர் அன்று தொலைபேசியில் ஆனந்தக் கூத்தாடினீர். மொறீசியஸ் பிரதமரும் வரவில்லை. தமிழக சட்டசபையின் தீர்மானமும் அங்கத்தைய அரசியலும் நெருக்க, மன்மோகன் சிங் தான் வராமல் வெளிவிவகார அமைச்சர் சல்மான் குர்ஷித்தை அனுப்பினார். பிரித்தானியப் பிரதமர் கமரோன் மட்டும் வருகிறேன் என்றார், உமக்கு அவர்மேல் அவ்வளவு கோபம். அந்த நவம்பர் 15 ஆம் திகதி அவர் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது நான் துரையப்பா விளையாட்டரங்கப் பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொது நூலகத்துக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் படங்களை உயர்த்திப் பிடித்தபடி நின்றார்கள். பொலிஸார் அவர்களைத் தள்ளத் தள்ள, அவர்கள் படங்களை இன்னும் உயரப் பிடித்தார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா, தன் மகனின் படத்தில் பிளாஸ்ரிக் உறைக்கு மேலே படிந்த புழுதியைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துத்தான் தூக்கினார். வாகனத் தொடர் ஒரு நிமிடத்தில் உள்ளே போய்விட்டது. அவர் கமரோனைக் கண்டாரோ, கமரோன் அவரைக் கண்டாரோ, நான் அறியேன்.

ஆனால் கமரோன் அன்று நூலகத்தில் வடமாகாண முதலமைச்சர் விக்னேஸ்வரனைச் சந்தித்தார், உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார், சுன்னாகத்து முகாமில் இடம்பெயர்ந்த குடும்பங்களோடு பேசினார். அவரோடு வந்த செய்தியாளர்களின் கமராக்கள் அதையெல்லாம் உலகத்துக்குக் கொண்டுபோயின. கொழும்புக்குத் திரும்பி, மார்ச்சுக்கு முன் சுயாதீன விசாரணை இல்லையென்றால் ஜெனீவாவுக்குக் கொண்டுபோவேன் என்றார். 2014 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவை விசாரணைக்கு ஆணையிட்டது. அதற்கு வேறு பல நாடுகளும், வேறு பல ஆண்டுகளின் உழைப்பும் காரணம்தான். ஆனால் ஹார்ப்பர் விட்ட வெறுங்கதிரையைவிடக் கமரோன் பலாலியில் வந்து இறங்கிய அரை நாள் எங்களுக்குக் கூட வேலை செய்தது என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். கோபிக்காதேயும். அந்தத் தாய்மார் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டம் எட்டு வருடம் கடந்தும் முடியவில்லை என்று நீர் கேட்டால் மட்டும் என்னிடம் பதில் இல்லை.

இனி நெடுந்தீவுக் கதைக்கு வருகிறேன். இதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நான் அங்கே மூன்று வருடம் படிப்பித்தவன் என்பதால் இதில் எனக்குப் பற்று அதிகம். தேசிய மின்வலையோடு தொடுப்பு இல்லாத அந்தத் தீவில் மின்சாரம் என்றால் டீசலில் ஓடும் மின்பிறப்பாக்கிதான். எரிபொருளும் படகில்தான் போக வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின் திட்டம் ஒன்றை ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் செய்யக் கேள்விப்பத்திரம் கோரினார்கள், அது சீன நிறுவனம் ஒன்றுக்குப் போயிற்று, 2021 ஜனவரியில் அமைச்சரவையும் சம்மதித்தது. உடனே டெல்லி விழித்துக்கொண்டது. எங்கள் தீவுகளின் கரையில் நின்றால் இராமேஸ்வரம் எவ்வளவு தூரம் என்பது உமக்குத் தெரியும். அங்கே சீனக் காற்றாடி சுழல்வதை அவர்கள் எப்படிப் பொறுப்பார்கள்? அந்த வருடம் டிசெம்பரில், மூன்றாம் தரப்பு ஒன்றின் பாதுகாப்புக் கவலையால் திட்டத்தை நிறுத்திவைப்பதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. அதே மாதம் சீனத் தூதுவர் யாழ்ப்பாணம் வந்து, வேட்டி கட்டி வெறும் மேலோடு நல்லூரில் கும்பிட்டதைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர். முருகன் இரு பக்கத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

பிறகு 2022 மார்ச். பிம்ஸ்டெக்கின் ஐந்தாவது மாநாட்டைக் கொழும்பு நடத்தியது. தலைவர்கள் பெரும்பாலும் திரையில் தோன்றினார்கள், வெளிவிவகார அமைச்சர்கள் நேரில் வந்தார்கள். மண்டபத்தில் 30 ஆம் திகதி அப்போதைய ஜனாதிபதி கோத்தபாய ராஜபக்ஷ தலைமையில் சாசனம் கைச்சாத்தாயிற்று. மறுநாள் நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு, அன்றிரவு மிரிஹானையில் அவருடைய வீட்டைச் சனம் சூழ்ந்தது. ஆனால் அந்த மாநாட்டுக்கென வந்திருந்த இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்பில் நின்ற நாட்களில்தான் மூன்று தீவுகளின் மின் திட்டத்தை இந்திய நன்கொடையில் செய்வதற்கான உடன்படிக்கையும் ஒப்பேறியது. சாசனத்தைப் பற்றி அன்று நெடுந்தீவில் எவரும் பேசியிருக்க மாட்டார்கள். கரண்டு வருமாம் என்றுதான் பேசினார்கள். அதைச் சீனன் தருவதா இந்தியன் தருவதா என்று அவர்களிடம் எவரும் கேட்கவில்லை என்பதை என் பழைய மாணவன் ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான். நிறுவனத்தோடு ஒப்பந்தம் எழுத 2024 மார்ச் ஆயிற்று. சென்ற வருடம் நான் அவன் வீட்டில் தங்கிய இரவில், மின்பிறப்பாக்கியின் அதே பழைய உறுமல் பனங்கூடலுக்கு ஊடாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

இம்முறையும் அதே வழிதான். பாங்கொக்கில் கடல்வழிப் போக்குவரத்து ஒத்துழைப்புக்கு ஓர் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று; எங்கள் பிரதமர் ஹரிணி அமரசூரிய அங்கே இருந்தார். மோடி அங்கிருந்து நேரே கொழும்புக்கு வந்து, 5 ஆம் திகதி ஜனாதிபதி அநுரவோடு பேசி, பாதுகாப்பு உடன்படிக்கை உட்படப் பலவற்றைக் கைச்சாத்திட்டு, தமிழ்த் தலைவர்களையும் சந்தித்தார். மறுநாள் அநுராதபுரத்தில், மேம்படுத்தப்பட்ட மாகோ–ஓமந்தை ரயில் பாதையைத் திறந்துவைத்தார். யாழ்தேவி அந்தத் தண்டவாளத்தில்தான் வருகிறது என்பதால் அது எங்களுக்கும் நல்லதே. மாகாண சபைத் தேர்தலை நடத்த வேண்டும் என்றும் சொன்னார். வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன் பிறகு தேர்தலே இல்லை. ஒவ்வொரு வருகையிலும் அந்த வாக்கியம் வந்து போகிறது.

மீனவர் விடயத்தில் மனிதாபிமானத்தோடு நடக்க வேண்டும் என்றார், பிடிபட்டிருந்த தமிழக மீனவர் சிலரும் விடுதலையானார்கள். அவர்கள் வீடு போய்ச் சேர்ந்ததில் எனக்குச் சந்தோசம். ஆனால் மருமகனின் தமையன் மாதகலில் தொழில் செய்கிறவர்; போன மாதம் இழுவைப்படகு ஏறி அவருடைய வலையில் பாதி போயிற்று. முற்றத்தில் விரித்துப் போட்டு, இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு நுனியைப் பிடிக்க, அவர் ஊசியால் கண் கண்ணாகப் பொத்திக்கொண்டிருந்தார். இழுவைமடித் தொழிலை இலங்கை 2017 இலேயே சட்டத்தால் தடுத்தது. கடல் எல்லை 1974, 1976 ஒப்பந்தங்களில் கீறப்பட்டது. அதையெல்லாம் நான் படிப்பித்தவன் என்ற தோரணையில் சொல்லத் தொடங்க, அவர் தலை நிமிராமல், "மாஸ்டர், அங்கால இருக்கிறவனும் தமிழன், இங்கால நானும் தமிழன், மனிதாபிமானம் வலைக்கு இல்லையோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைப் பாங்கொக்கிலோ கொழும்பிலோ வைக்கக்கூடிய ஒருவருக்கு, மண்டபத்தில் வேண்டாம், விறாந்தையில் ஒரு வாங்கு போட்டிருக்கலாம்.

பேத்தி ஆய்வுக்கு ஏதாவது தலைப்புத் தேடினால் இந்த மூன்று தீவுகளின் மின்சாரக் கதையைச் சொல்லும். நான் வெட்டி வைத்திருக்கும் பத்திரிகைத் துண்டுகளைப் படம் எடுத்து அனுப்புகிறேன். வருகிற புதன்கிழமை குறிகட்டுவானில் காலைப் படகு பிடித்து நெடுந்தீவுக்குப் போக இருக்கிறேன். தூண் நட்டிருக்கிறார்களா, காற்றாடி எழும்பியிருக்கிறதா என்று பார்த்து வந்து எழுதுகிறேன். கறுத்தக்கொழும்பான் இம்முறை பூத்துக் கொட்டிவிட்டது, நாலு காய்தான் நிற்கிறது; நீர் ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதென்றால் மாம்பழத்தை நம்பி வர வேண்டாம்.

என்றும் அன்புடன்,
தியாகு