மேப்பிள் நிழலில் ட்ரில்லியம்

ஸ்காபரோ
மே மாதம்

அன்புள்ள ரவி,

உன் கடிதம் கிடைத்தது. ஒட்டாவாவில் புது வீட்டுக்குக் குடிபுகுந்துவிட்டீர்கள் என்று அறிந்து எங்களுக்குப் பெரிய சந்தோசம். அம்மாவுக்குப் படியேறத் தேவையில்லாமல் கீழேயே அறை அமைந்தது நல்ல காரியம். இங்கே எல்லோரும் சுகம். மகள் படிப்பு முடித்து வேலைக்குப் போகிறாள். என் முழங்கால் நோவும் குறைந்துவிட்டது. காலையில் ரூஜ் பூங்காவில் நடக்கிறேன்.

பின்வளவு முழுக்க மரநிழல், புல்லும் பிடிக்கவில்லை, கத்தரி மிளகாய் வைக்கவும் வழியில்லை என்று கவலைப்பட்டிருந்தாய். அந்த நிழலை நீ விட்டுவிடாதே. அதில் ட்ரில்லியம் வை. ஒன்ராறியோ அரசின் கடிதங்களில் எல்லாம் பார்ப்பாயே, அந்த மூன்றிதழ்ப் பூத்தான். 1937இலேயே மாகாணப் பூவாக்கிவிட்டார்கள். நம்மவர்களில் கனபேர் இத்தனை வருசம் இங்கே இருந்தும் அதை நிலத்தில் கண்டதில்லை என்பது எனக்கு மனவருத்தம்.

இப்போது ரூஜ் காட்டில் அது பூத்துக் கிடக்கிறது. மூன்று இலை, அதன்மேல் மூன்று பச்சைப் புறவிதழ், மூன்று வெள்ளை இதழ். பூ முதிர முதிர வெள்ளை மெல்ல ரோஸ் நிறமாகும். மரங்கள் இலை போட்டு மூடமுதல் தரையில் விழுகிற வெயிலை வைத்துத்தான் அது வருசத்துக்கான சாப்பாட்டைச் சேர்க்கிறது. கோடை முடியமுதல் இலையும் வாடி மண்ணுக்குள் போய்விடும். செத்துவிட்டது என்று நினைத்து அந்த இடத்தைக் கொத்திவிடாதே. பூவை இலையோடு சேர்த்துப் பறிக்கவும் கூடாது. இலை போனால் கிழங்கு பட்டினி. திரும்பத் தேறப் பல வருசம் எடுக்கும், சிலவேளை தேறாமலே போகும்.

விதை போட்டு வளர்க்கப் பொறுமை வேண்டும். முதல் வசந்தத்தில் மண்ணுக்குள் வேர் மட்டும் விடும். அடுத்த வசந்தத்தில்தான் ஒரு சின்ன இலை தலைகாட்டும். பூக்க ஏழு முதல் பத்து வருசம். விதையை உற்றுப் பார்த்தால் ஒரு ஓரத்தில் கொழுப்புச் சத்துள்ள சின்ன வெண்சதை ஒட்டியிருக்கும். எறும்பு அதற்காக விதையைப் புற்றுக்கு இழுத்துப் போய், சதையைத் தின்றுவிட்டு, விதையை வெளியே குப்பையில் போடும். அங்கே அது முளைக்கும். காட்டில் அந்தப் பூ நகர்வது பெரும்பாலும் எறும்பின் நடைதூரத்துக்குத்தான்.

அதனால் நர்சரியிலேயே வளர்ந்த கிழங்காகப் பார்த்து வாங்கவேண்டும். காட்டில் தோண்டி எடுத்து விற்பவர்களும் இருக்கிறார்கள், எங்கே வளர்த்தது என்று கேட்காமல் காசு கொடுக்கக்கூடாது. இலையுதிர் காலத்தில் ஏழெட்டு சென்ரிமீற்றர் ஆழத்தில், உக்கிய இலை கலந்த மண்ணில் வை.

அதற்கு முதல் உன் வளவு மேப்பிள் எந்த வகை என்று பார். இலைக்காம்பை ஒடித்தால் பால் வருகிறதா? வந்தால் அது ஐரோப்பாவிலிருந்து வந்த நோர்வே மேப்பிள். அடர்நிழலும் மேல்மண் முழுக்கப் பின்னிய வேரும் அதற்கு. அதன் அடியில் வைக்காமல் தள்ளி இடம் தேடு. பால் வராவிட்டால் சீனி மேப்பிளாக இருக்கலாம். அதன் நிழல் ட்ரில்லியத்துக்குத் தாய்வீடு.

நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதுதான். சருகைக் கூட்டாதே. காலையில் முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்து வளர்ந்த எங்களுக்கு இது கஷ்டம், தெரியும். ஆனால் இந்தப் பூவுக்கு அந்தச் சருகுதான் போர்வை, அதுதான் பசளை. இன்னொன்று, மண்புழுவைக் கொண்டுவந்து விடாதே. ஊரில் அது கமக்காரனின் தோழன். இந்தப் பக்கமெல்லாம் பனிப்பாறை மூடிக் கிடந்த நிலம், இப்போது இருக்கிற புழுக்கள் பெரும்பாலும் குடியேற்றக்காரரோடு ஐரோப்பாவிலிருந்து வந்தவை. காட்டின் சருகுப் படையை அவை தின்று தீர்க்க, காட்டுப்பூக்களுக்கு இடமில்லாமல் போகிறது.

உங்கள் பக்கம் மான் வருமா? வந்தால் சொல்லு, முதலில் கம்பிவலை அடிக்க வேண்டும். ட்ரில்லியம் என்றால் மானுக்கு உயிர். செப்ரெம்பரில் நாங்கள் இருவரும் வருகிறோம். கிழங்கு நான் வாங்கி வருகிறேன், இடத்தை மட்டும் நீ பார்த்து வை.

அன்புடன்,
குமார்