குளிர் வளிமுகம் வரும் நேரத்தையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மித வெப்ப நாடுகளில் இளவேனிலின் தொடக்கத்தில் மழையே இல்லாமல் ஒரு வாரம் வெயில் காய்ந்தால், தங்கள் நாளிதழ் உட்பட எல்லா நாளிதழ்களிலும் ஏறத்தாழ ஒரே மாதிரியான செய்திதான் வருகிறது. பூங்காவில் குழந்தைகள் ஓடியாடும் படம், "இதமான வானிலை நீடிக்கும்" என்ற தலைப்பு, அதன் கீழே அன்றைய அதிகபட்ச வெப்பநிலை, அவ்வளவுதான். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ காற்று திசை மாறி, ஒரே பிற்பகலில் வெப்பம் பத்துப் பன்னிரண்டு டிகிரி இறங்கிவிட்டால், மறுநாள் "திடீர்க் குளிர்" என்று எழுதுகிறார்கள். அந்தக் குளிரைக் கொண்டுவரும் குளிர் வளிமுகம், அதாவது வெப்பக் காற்றைத் தள்ளிக்கொண்டு வரும் குளிர் காற்றின் முன்விளிம்பு, வானிலை வரைபடத்தில் மூன்று நான்கு நாட்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். அந்த வெயில் வாரமே அந்தக் குளிரின் முன்பாதி என்பதை வாசகர்களுக்குச் சொல்லாமல் விடுவது சரியல்ல என்று பல ஆண்டுகளாகப் பழ மரங்களோடு பழகியவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதால் இதை எழுதுகிறேன்.

அந்த வாரம் எப்படி உருவாகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். மித வெப்ப மண்டலத்தில் ஒரு நிலப்பரப்பின் மேல் உயர் அழுத்தம் வந்து நிலைகொள்ளும்போது, மேலே உள்ள காற்று மெல்லக் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் சூடேறுவதால் அதில் மேகம் திரள வழியில்லை. வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது, பகல் முழுவதும் வெயில் மண்ணில் விழுகிறது. பிறகு அந்த உயர் அழுத்தம் கிழக்கே நகர நகர, அதன் மேற்குப் பக்கத்தில் வெப்பமண்டலத் திசையிலிருந்து காற்று வீசத் தொடங்குகிறது. மேற்கிலிருந்து நெருங்கி வரும் தாழ்வழுத்தமும் அந்தக் காற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அதன் வேகம் நாளுக்கு நாள் கூடுகிறது. அந்தத் தாழ்வழுத்தத்தின் முதுகுக்குப் பின்னால்தான் துருவப் பக்கத்துக் குளிர்ந்த காற்று காத்திருக்கிறது. ஆகவே வாரத்திலேயே மிகச் சூடான நாள், பெரும்பாலும் குளிர் வந்து சேர்வதற்கு முந்தைய நாளாகவோ, ஏன், அதே நாளாகவோகூட அமைந்துவிடுகிறது. மக்கள் மிக மகிழ்ச்சியாக வெளியே வரும் அந்த நாளில்தான் செய்தித்தாள் அவர்களுக்கு மிகத் தெளிவாகப் பேச வேண்டும்.

குளிர் காற்றுக்கும் வெப்பக் காற்றுக்கும் இடையிலான அந்த எல்லைக்கு 'முகப்பு' என்ற பெயரைக் கொடுத்தவர்கள், முதல் உலகப் போரின் முடிவையொட்டிய ஆண்டுகளில் நார்வேயின் பெர்கன் நகரில் வில்ஹெல்ம் பியர்க்னெஸ் தலைமையில் பணியாற்றிய ஆய்வாளர்கள். போர்முனையை மனத்தில் வைத்தே அந்தச் சொல்லைத் தேர்ந்தார்கள். நம் பாடநூல்கள் அதைக் குளிர் வளிமுகம் என்கின்றன. கனமான குளிர் காற்று ஆப்பு இறங்குவதுபோல் வெப்பக் காற்றின் அடியில் நுழைந்து அதை மேலே தள்ளுகிறது. மேலே தள்ளப்படும் காற்றில் ஈரம் இருந்தால் இடியும் மழையும் வரும். ஒரு வாரமாகக் காய்ந்த காற்றாக இருந்தால் வெறும் மேக வரிசை ஒன்று கடந்து போவதோடு சரி, மண் நனைவதுகூட இல்லை. வளிமுகம் என்றாலே மழை என்று எண்ணிக் காத்திருப்பவர்கள் ஏமாந்து போவது இதனால்தான்.

இந்தக் காய்ந்த வாரத்தில் மரங்களுக்கு என்ன நடக்கிறது என்பதை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு, "இதமான" என்ற சொல் உறுத்தும். குளிர்காலத் தூக்கத்தில் இருக்கும் ஆப்பிள் மொட்டு, உறைநிலைக்கு 20 டிகிரி கீழே போனாலும் தாங்கிக்கொள்ளும். மொட்டு விரியத் தொடங்கியதும் அந்தத் தாங்கும் திறன் நாளுக்கு நாள் குறைகிறது. முழுதாக மலர்ந்த நிலையில், உறைநிலைக்கு 2.2 டிகிரி கீழே அரை மணி நேரம் இருந்தாலே பத்துப் பூவில் ஒன்று போய்விடும்; 3.9 டிகிரி கீழே போனால் பத்தில் ஒன்பது போய்விடும். தப்பிப்பதற்கும் அழிவதற்கும் நடுவே இரண்டு டிகிரிகூட இல்லை. வெயில் வாரம் செய்வது இதுதான்: மூன்று வாரத்தில் மலர வேண்டிய மரத்தை ஒரே வாரத்தில் மலர வைத்து, கவசத்தைக் கழற்றச் சொல்லி, பிறகு பனியின் முன்னால் நிறுத்துகிறது.

பல ஆண்டுகளுக்கு முன்பு இப்படியொரு வாரத்தில், இனிக் குளிர் இல்லை என்று நம்பி, மரங்களுக்குப் போர்த்தும் துணிகளையெல்லாம் மடித்து உள்ளே வைத்துவிட்டேன். அன்று காலையில் படித்த செய்தியும் "இதமான வானிலை" என்றுதான் சொல்லியது. மறுநாள் இரவு காற்று நின்று, வானம் தெளிந்து, விடியற்காலையில் புல்மேல் வெண்மை படிந்திருந்தது. பூக்களைப் பார்த்தால் ஒன்றும் ஆகவில்லை. இதழ்கள் அப்படியே இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக இருந்தன, ஒரு தேனீகூட வந்து உட்கார்ந்தது. மதியத்துக்கு மேல் ஒரு பூவைப் பறித்துச் சவரக் கத்தியால் நடுவே கீறிப் பார்த்தேன். பச்சையாக இருக்க வேண்டிய சூலகம் தேயிலைக் கறைபோல் பழுப்பாகிப் போயிருந்தது. அடுத்த பூவும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. உயிரோடிருப்பதுபோல் தோன்றும் பூக்கள் நிறைந்த மரத்தின் கீழே நின்றுகொண்டு, அந்த ஆண்டு காய் கிடையாது என்று தெரிந்துகொண்ட அந்த மதியத்தை நான் மறக்கவில்லை.

ஒரு மனிதனின் சில மரங்களோடு முடிந்துபோகும் விஷயமல்ல இது. அமெரிக்காவில் 2007 மார்ச் மாதம் மிகுந்த வெப்பத்தோடு கழிந்து, ஏப்ரலில் ஈஸ்டரை ஒட்டி வந்த குளிர், பயிர்களுக்கு ஏறத்தாழ 200 கோடி டாலர் இழப்பை உண்டாக்கியது. 2012 மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்தில் பல நாட்கள் 27 டிகிரியை ஒட்டி வெயில் அடித்தது; ஏப்ரல் உறைபனிகளுக்குப் பிறகு, அம்மாநிலத்தின் ஆப்பிளிலும் புளிப்புச் செர்ரியிலும் வழக்கமான விளைச்சலில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது. பிரான்சில் 2021 மார்ச் இறுதியில் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டியது, ஏப்ரல் 5 முதல் 8 வரையான இரவுகளில் திராட்சைக் கொடிகளின் தளிர்கள் கருகின. அந்த நிகழ்வை ஆராய்ந்த அறிவியலாளர்கள், புவி வெப்பமடைவதால் உறைபனி இரவுகள் ஓரளவு மிதமானாலும், தளிர்கள் அதைவிட வேகமாக முந்திக்கொண்டு விரிவதால், விரிந்த தளிர்மேல் பனி விழும் வாய்ப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு கூடியிருப்பதாகக் கணித்தார்கள். உலகம் சூடானால் பனிச் சேதம் குறையும் என்று எளிதாகச் சொல்லிவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பலரும் தவறவிடும் ஒன்று, வறட்சிக்கும் அந்தப் பனி இரவுக்கும் உள்ள தொடர்பு. வெயில் வாரத்தில் மேல்மண் காய்ந்துவிடுகிறது. ஈரமான மண் பகலில் வெப்பத்தை ஆழத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும். உலர்ந்த மண்ணின் துகள்களுக்கிடையே காற்றுதான் இருக்கிறது, அது வெப்பத்தைச் சேமிக்காது. காற்றும் உலர்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஈரமுள்ள காற்று குளிரும்போது பனித்துளி படிகிறது, அப்படிப் படியும்போது வெளிப்படும் வெப்பம் மேற்கொண்டு குளிராமல் ஓரளவு தாங்கிப் பிடிக்கிறது. உலர்ந்த காற்றில் அந்தத் தாங்கல் கிடையாது. சூரியன் மறைந்ததும் வெப்பம் தடையில்லாமல் சரிந்துகொண்டே போகும். எனவே குளிர் வருவதற்கு முந்தைய நாளிலேயே மண்ணை நன்றாக நனைத்து வைப்பது மிக எளிய, மிகப் பயனுள்ள காப்பு. அதைச் செய்ய வேண்டிய நாள் எது என்பது தெரிந்தால்தானே செய்ய முடியும்?

பூவைவிடப் பெரிய ஆபத்து நெருப்பு. இளவேனிலில் புதுப் புல் தலைகாட்டுவதற்கும் மரங்கள் இலை விடுவதற்கும் முன்னால் சில வாரங்கள் உண்டு. அந்த நாட்களில் தரையில் கிடப்பதெல்லாம் போன ஆண்டின் புல்லும் சருகும் சுள்ளியும். நிழல் தர மேலே இலை கிடையாது. உறைநிலையில் நீராவி நிறைந்திருக்கும் காற்றை அப்படியே 25 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் ஐந்தில் ஒரு பங்காக இறங்கிவிடும். விரலைவிட மெல்லிய சுள்ளியும் புல்லும் அந்த ஈரப்பதத்துக்கு ஒரு சில மணி நேரத்திலேயே இணங்கிவிடுகின்றன. முந்தாநாள் மழை பெய்தது என்ற எண்ணத்தில் யாரும் அலட்சியமாக இருக்கக் கூடாது. காலையில் வளையும் புல்தாள் மாலையில் ஒடிவதைக் கையால் தொட்டே அறியலாம். கனடாவின் ஃபோர்ட் மெக்மரி நகரை 2016 மே முதல் நாட்களில் நெருங்கிய தீ இப்படிப்பட்ட இடைவெளியில்தான் மூண்டது. பனி உருகிவிட்டது, பசுமை இன்னும் வரவில்லை, வெப்பமோ 30 டிகிரியைத் தாண்டியிருந்தது. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 2,400 கட்டடங்கள் எரிந்தன.

தீயின் நடுவே குளிர் வளிமுகம் வந்தால் அது அணைக்க வரும் உதவி என்று எண்ணுவது மிகக் கொடிய தவறாகிவிடலாம். வடகோளத்தில் தென்மேற்கிலிருந்து வீசிய காற்று, வளிமுகம் கடக்கும்போது சில நிமிடங்களில் வடமேற்குக்குத் திரும்பிவிடுகிறது. தென்கோளத்தில் வடமேற்கிலிருந்து தென்மேற்குக்கு. நீண்டு ஒடுங்கி ஓடிக்கொண்டிருந்த தீயின் முழு நீளப் பக்கவாட்டும் அந்த நொடியில் முன்முனையாகிவிடும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7 அன்று நடந்தது அதுதான். அது கோடையின் உச்சம், இளவேனில் அல்ல. ஆனால் காற்று திரும்பும் விதம் ஒன்றே. அன்று மாண்ட 173 பேரில் பலர், காற்று திரும்பிய பிறகு தீ பாய்ந்த ஊர்களில் இருந்தவர்கள். காற்று எப்போது திரும்பும் என்பது வானிலையாளர்களுக்கு முன்னதாகவே தெரிகிற செய்தி. அதைக் காதில் போடுவது நம் எல்லோருடைய கடமை.

ஆகையால் தங்களிடம் நான் கேட்பது பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. இளவேனிலில் வெயில் வாரம் ஒன்று தொடங்கும்போது, வானிலைப் பகுதியில் அதிகபட்ச வெப்பநிலையோடு, குளிர் வளிமுகம் எந்த நாள், ஏறத்தாழ எந்த நேரத்தில் எதிர்பார்க்கப்படுகிறது என்பதையும் போடுங்கள். நேரம் சில மணி முன்பின் ஆகலாம். "வியாழன் பிற்பகலுக்கும் இரவுக்கும் இடையில்" என்று எழுதினால்கூடப் போதும். காற்று எங்கிருந்து எங்கே திரும்பும் என்பதையும், பிற்பகலின் மிகக் குறைந்த ஈரப்பதத்தையும் சேருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வளிமுகம் கடந்த அன்றைய இரவைவிட அதற்கடுத்த இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையைத் தடித்த எழுத்தில் போடுங்கள். முதல் இரவில் காற்று ஓடிக்கொண்டிருப்பதால் பனி படிவது குறைவு. காற்று ஓய்ந்து வானம் தெளியும் இரண்டாம் இரவில்தான் தாழ்ந்த நிலங்களில் குளிர்காற்று தண்ணீர்போல் தேங்கி நிற்கும். முதல் இரவு தப்பித்துவிட்டோம் என்று துணியை எடுத்துவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அறிவிக்கப்படும் வெப்பநிலை தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் அளக்கப்படுவது, தெளிந்த இரவில் புல்மட்டத்தில் அதைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும் என்ற ஒரு குறிப்பும் உடன் இருந்தால், "3 டிகிரி என்றார்களே, பின் எப்படிப் பனி விழுந்தது?" என்ற கேள்விக்கே இடமிராது.

தமிழில் பருவங்களை ஆறாகப் பகுத்தவர்கள் பின்பனிக்குப் பிறகுதான் இளவேனிலை வைத்தார்கள். மித வெப்ப நாடுகளின் வசந்தத்தில் இந்த இரண்டும் அப்படி வரிசையில் நின்று வருவதில்லை. இளவேனில் வந்து ஒரு வாரம் இருந்த பிறகு பின்பனி மறுபடியும் உள்ளே நுழைகிறது. ஜப்பானியர்கள் செர்ரி மலரும் நாட்களில் திரும்பி வரும் குளிருக்கென்றே தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். ஜெர்மானியர்கள் மே மாத நடுவில் சில நாட்களைப் 'பனிப் புனிதர்கள்' என்று பெயரிட்டு, அதுவரை மென்மையான நாற்றுகளை வெளியே நடுவதில்லை. தங்கள் நாளிதழைப் படிக்கும் தமிழர்களில் இப்படிப்பட்ட நாடுகளில் செடி வளர்ப்பவர்களும், உலர்ந்த புல்வெளிகளை ஒட்டிக் குடியிருப்பவர்களும் இன்று ஏராளம். சருகைக் குவித்து எரிக்க அவர்கள் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அந்தக் கடைசி வெயில் நாளைத்தான், ஏனென்றால் மறுநாள் வானிலை கெட்டுவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு எரிக்க வேண்டாம் என்ற ஒரு வரி, அன்றைய காலை இதழில் இருக்க வேண்டும்.

பூங்காவில் விளையாடும் குழந்தைகளின் படத்தைப் போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல வெயிலை அனுபவிக்கட்டும். அந்தப் படத்துக்குக் கீழே நான்கு வரிக்கு இடம் விடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்