கோயில் சாளைச் சுவருக்கு முட்டுக்கொடுத்த பணி: நிறைவு அறிக்கை

குடிப்பாட்டு மக்கள் எல்லாருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

காங்கேயம் பக்கத்து நம் கோயிலின் பழைய சாளையில் (மாடுகளும் சப்பரச் சட்டங்களும் இருக்கும் ஓட்டுக் கொட்டகை) மேற்குச் சுவர் வெடித்திருந்ததை ஆடி நோம்பிக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். கதவு நிலையின் மேல்மூலையில் தொடங்கி ஓட்டுக்கூரை வரை ஏறிய வெடிப்பு அது. விரல் உள்ளே போனது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் சுவர் 2 அங்குலம் வெளியே சாய்ந்திருந்தது.

ஆடிக் காற்றில் விலகிய ஓடுகளைத் திருப்பி வைக்காமல் விட்டதுதான் மூலகாரணம். அந்த வழியாக இறங்கிய தண்ணீரில் உத்திரத்தின் முனை சுவருக்குள்ளேயே இற்று, கரையானும் ஏறிவிட்டது. இரண்டு பக்கச் சுவரையும் இழுத்துப் பிடித்திருந்தது அந்த உத்திரம். பிடி விட்டதும் ஓட்டுப் பாரம் சுவரை வெளியே தள்ளிவிட்டது. முன்பு வெடிப்பின் மேல் சிமெண்டு பூசி மூடியதும் தப்பான வேலை. அதைக் கொத்தி எடுத்தபோது, ஈரம் காய வழியில்லாமல் உள்ளே இருந்த மண்சாந்து சேறாகக் கையோடு வந்தது.

முதலில் மாடுகளையும் சப்பரச் சட்டங்களையும் வெளியேற்றினோம். அப்புறம் உள்ளே கூரையைத் தாங்கும் பனஞ்சட்டங்களான பனங்கைகளுக்கு அடியில் கம்பு நிறுத்திப் பாரத்தை வாங்கிக்கொண்டு, வெளியே 3 சவுக்கு மரங்களைச் சாய்வாக முட்டுக் கொடுத்தோம். முட்டின் தலை உத்திர மட்டத்துக்கே வர வேண்டும். சுவரின் நடுவில் கொடுத்தால் அந்த இடம் உள்வாங்கிவிடும். அடியில் குழியெடுத்துப் பலகை போட்டிருக்கிறது. ஆப்பு அடிக்கும்போது கொத்தனார், "நிமுத்தப் பாக்காதீங்க, அது இருக்கற எடத்துலயே நிக்கட்டுங்க" என்றார். கைச்சுத்தியால் மெல்லத் தட்டியதோடு சரி. எதிர்ச்சுவரோடு சேர்த்து 16 மில்லிமீட்டர் கம்பி ஒன்றை இரும்புத் தட்டு வைத்து முடுக்கியிருக்கிறோம். வெடிப்பில் சுண்ணாம்புச் சாந்து அடைத்தாகிவிட்டது.

112 தலைக்கட்டுக்கு (வரி கொடுக்கும் குடும்பம்) ரூ. 500 வீதம் வரவு ரூ. 56,000, செலவு ரூ. 41,600. மீதி ரூ. 14,400 உத்திரம் மாற்றும் வேலைக்கு வைத்திருக்கிறோம்.

வெடிப்பின் குறுக்கே 4 இடத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டு ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதியிருக்கிறோம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஐப்பசி மழை முழுக்க நனைந்தும் ஒன்றுகூட உடையவில்லை. பூசாரி தினமும் விளக்கு வைத்துவிட்டு வந்து பார்க்கிறார்.

இது தற்காலிக வேலைதான். உத்திரம் மாற்றும் வரை யாரும் முட்டு மரத்தில் மாடு கட்ட வேண்டாம், ஆப்பைத் தொட வேண்டாம். கண்ணாடியில் கீறல் கண்டால் அந்த நேரமே குழுவுக்குச் சொல்லுங்கள்.