செருப்புப் பெட்டிக் கப்பல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கூடப் படிக்கிறவனுக்கு நீர்மூழ்கி, இன்னொருத்திக்கு ஃபிரிகேட், உனக்கு மட்டும் டாங்கி இறக்கும் கப்பல் என்று ப்ராஜெக்ட் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள் என அழாத குறையாகச் சொன்னாய். "செருப்புப் பெட்டிக்கு மூக்கு வெச்ச மாதிரி இருக்குப்பா" என்றாய். அந்தப் பெட்டியின் என்ஜின் ரூமில் வேலை பார்த்துத்தான் உன் ஸ்கூல் ஃபீஸ் கட்டினேன், ஞாபகம் இருக்கட்டும். போனில் விளக்க ஆரம்பித்தால் "சரிப்பா, கிளாஸுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

எல்லாக் கப்பலும் தரை தட்டாமல் இருக்கத்தான் படாதபாடு படும். வேண்டுமென்றே தரை தட்டி, வேலை முடிந்ததும் தானே பின்வாங்கிப் போவதற்காகக் கட்டப்படுவது இந்த மாதிரிக் கரையேறும் கப்பல்கள்தான். வடிவம் அவலட்சணமாக இருப்பதன் காரணமும் அதுதான். பெருங்கடலைத் தாண்ட வேண்டுமானால் கப்பல் தண்ணீருக்குள் நன்றாக இறங்கி உட்கார வேண்டும். மணலில் ஏற வேண்டுமானால் மேலாக மிதக்க வேண்டும். ஒரே உடம்பில் இரண்டும் எப்படி?

1940இல் டன்கிர்க்கிலிருந்து பிரிட்டிஷ் படை தப்பி வந்தபோது ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். டாங்கிகளும் பீரங்கிகளும் பிரான்ஸ் கரையிலேயே போயின. திரும்பப் போய் இறங்க வேண்டுமானால் துறைமுகம் இல்லாத கரையிலும் டாங்கியை இறக்கத் தெரிய வேண்டும். முதலில் கையில் இருந்ததை வைத்துப் பார்த்தார்கள். வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரி வாயில் ஆழம் குறைவு என்பதால் அதற்கென்றே அடி ஆழமில்லாமல் கட்டிய எண்ணெய்க் கப்பல்கள் மூன்றை எடுத்து, அணியத்தை, அதாவது கப்பலின் முன்மூக்கை, வெட்டிக் கதவு வைத்தார்கள். வேலைக்கு ஆனது, ஆனால் மூன்றை வைத்துக்கொண்டு எந்தக் கண்டத்தைப் பிடிப்பது?

1941 நவம்பரில் பிரிட்டிஷாரின் கோரிக்கை அமெரிக்கக் கடற்படையின் கப்பல் பிரிவுக்குப் போனது. அங்கே இருந்த ஜான் நீடர்மையர் சில மணி நேரத்தில் ஒரு படம் கிறுக்கினார். பின்னால் கட்டப்பட்ட ஆயிரத்துச் சொச்சம் கப்பலுக்கும் அடிப்படை அந்தக் கிறுக்கல்தான். அவர் செய்தது இவ்வளவுதான்: கடலில் போகும்போது பாலாஸ்ட் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பு, கப்பல் இறங்கி உட்காரும். கரையை நெருங்கும்போது பம்ப் போட்டு வெளியே தள்ளு, எழும்பிவிடும். யோசனை நீர்மூழ்கியிலிருந்து வந்தது. உன் சிநேகிதனிடம் சொல், ரெண்டு கப்பலும் சொந்தக்காரர்கள்தான்.

இப்போது கணக்கைப் பார். நீளம் 328 அடி. கரையேறும் நிலையில் அணியத்தில் தண்ணீருக்குள் இருப்பது ஏறக்குறைய 4 அடி, பின்பக்கம் ஏறக்குறைய 10 அடி. வித்தியாசம் 6 அடி. 328ஐ 6ஆல் வகுத்துப் பார், 50க்குக் கொஞ்சம் மேலே வரும். ஐம்பது அடி நடந்தால் ஓரடி இறங்கும் கடற்கரைக்காக வரைந்தார்கள். கப்பலின் அடியும் அதே சரிவில் போய் மணலில் படுத்துக்கொள்ளும். எனக்கு இன்றைக்கும் இந்தக் கணக்கைப் பார்த்தால் ஒரு சந்தோஷம்.

கரையேற்றும்போது மேலே இருப்பவர்கள் கடற்கரையைப் பார்ப்பார்கள். கீழே எங்களுக்குத் தெரிவது மீட்டரும் சத்தமும்தான். கரைக்குக் கொஞ்ச தூரம் முன்னாலேயே பின் நங்கூரத்தைப் போட்டுவிட்டுக் கம்பி வடத்தை விட்டுக்கொண்டே போவார்கள். அணியம் மணலைத் தொட்டதும் தரை முழுக்க ஒரு நீளமான அதிர்வு வரும். அலை பக்கவாட்டில் தள்ளிக் கப்பலைத் திருப்பிவிடாமல் இருக்க என்ஜினை முன்னோக்கியே மெதுவாக ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் எங்கள் கஷ்டம் ஆரம்பிக்கும். குளிரூட்ட உறிஞ்சும் கடல்நீரோடு மணலும் சேர்ந்து வரும். சூடு ஏறும், ஓடிப்போய் ஸ்ட்ரெய்னரை, அதாவது கடல்நீர் வடிகட்டியை, திறந்தால் கூடை நிறைய சேறும் சிப்பித் துண்டும் இருக்கும். கழுவி மூடுவதற்குள் அடுத்தது அடைத்துக்கொள்ளும். கடல்நீர் வாயை எந்த உயரத்தில் வைப்பது என்று உன் படத்தில் இப்போதே யோசி. படம் போடுகிறவர்கள் இதைக் கடைசிக்கு விடுவார்கள், அனுபவிக்கிறது நாங்கள்.

டாங்கிகள் இறங்கினதும் முன்பக்கம் இலேசாகிவிடும். அப்புறம் என்ஜினைப் பின்னுக்குப் போட்டு, நங்கூர வடத்தை வின்ச்சில் சுற்றினால் கப்பல் வந்த வழியே வழுக்கிப் போகும். ஓதம் (கடலின் ஏற்ற வற்றம்) வற்றும் நேரம் தெரியாமல் ஏறினால் அடுத்த ஏற்றம் வரை அங்கேயே இருக்க வேண்டியதுதான். நார்மண்டியில் 1944இல் அதையே வசதியாக்கிக்கொண்டார்கள். தண்ணீர் வற்றட்டும் என்று மணலில் உட்காரவிட்டு, வண்டிகளைக் கால் நனையாமல் இறக்கினார்கள்.

இன்னொரு விஷயம், காற்று. மூடிய தளத்தில் இருபது டாங்கி ஒரே நேரத்தில் என்ஜினைக் கிளப்பினால் கரையைப் பார்க்கும் முன்பே ஆட்கள் மயங்கிவிடுவார்கள். இதைச் சோதிக்கக் கென்டக்கியில், கடலே இல்லாத ஃபோர்ட் நாக்ஸ் ராணுவ முகாமில், டாங்கித் தளத்தைப் போலவே ஒரு கட்டடம் கட்டிப் புகை போகிற வழியைப் பார்த்தார்கள்.

கட்டினதும் பெரும்பாலும் உள்நாட்டில்தான். கடலோரக் கப்பல் கட்டும் யார்டுகளில் பெரிய போர்க்கப்பல்கள் நிறைந்திருந்ததால் ஒஹையோ, இல்லினாய் ஆற்றங்கரைகளில் புது யார்டுகள் வைத்து, கட்டினதை மிசிசிப்பி வழியாகக் கடலுக்கு அனுப்பினார்கள். போர் முடிவதற்குள் 1,051 கப்பல். வேகம் 12 நாட்தான் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்), எதிரிக்கு நல்ல குறி என்று மாலுமிகளே கிண்டல் செய்தார்கள். ஆனாலும் எதிரியால் போனது 26தான்.

அந்த வேகம்தான் பின்னால் பிரச்சினை ஆனது. 20 நாட் வேண்டும் என்று நியூபோர்ட் வகையைக் கட்டினார்கள். வேகத்துக்குக் கூர்மையான மூக்கு வேண்டும், கூர்மூக்கில் கதவு வைக்க முடியாது. அதனால் இரண்டு கொம்பு நீட்டி, அணியத்துக்கு மேலாக 112 அடி நீள அலுமினியச் சாய்தளத்தை இறக்கினார்கள். படம் தேடிப் பார், அதையும் அழகு என்று சொல்ல மாட்டாய்.

நம் கடற்படையிலும் இந்த வகைக் கப்பல் உண்டு. பழைய மகர் பிரிட்டிஷாரிடமிருந்து 1949இல் வந்தது. அதே பெயரில் கொல்கத்தாவில் கட்டினது 1987இல் சேர்ந்து, 2023 மே மாதம் ஓய்வு பெற்றது. இப்போது ஷர்துல், கேசரி, ஐராவத் மூன்றும் டாங்கியோடு நிவாரணப் பொருளையும் சுமக்கின்றன. 2020இல் கொரோனா நேரம் மகர் மாலத்தீவிலிருந்தும் ஷர்துல் ஈரானிலிருந்தும் நம் ஆட்களை ஏற்றி வந்தன. துறைமுகம் இடிந்து கிடக்கும் ஊருக்கு லாரியோடு போக முடிகிற கப்பல் வேறு எது?

ஆனால் எல்லாக் கரையும் ஏற விடாது. 1971 டிசம்பரில், வங்கதேசப் போரில், அந்த நாட்டின் காக்ஸ் பஜார் கரையில் நம் கப்பல்கள் கரியால், குல்தார் இரண்டும் கூர்க்கா வீரர்களை இறக்கப் போயின. முன்னால் இருந்த மணல் திட்டில் கப்பல் நின்றுவிட்டது. திட்டுக்கும் கரைக்கும் நடுவில் பள்ளம். சுமையோடு இறங்கியவர்களுக்குத் தலைக்கு மேல் தண்ணீர், உயிர்கள் போயின. கப்பலில் குறை ஒன்றும் இல்லை. கரைக்கு முன்னால் கடலடி எப்படி இருக்கிறது என்று தெரியாமல் போனதுதான்.

ஆயுசைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1944இல் இவான்ஸ்வில் ஆற்றங்கரையில் கட்டிய ஒன்று வியட்நாம் போரில் ஆற்றுப் படகுகளுக்குத் தளமாக இருந்து, தென் வியட்நாம் கைக்குப் போய், பிலிப்பைன்ஸுக்கு வந்து சியரா மாத்ரே ஆனது. 1999இல் தென்சீனக் கடலில் ஒரு பவளத் திட்டில் வேண்டுமென்றே ஏற்றி நிறுத்தினார்கள். துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலும் அது இன்னும் பதிவிலிருக்கும் போர்க்கப்பல்; வீரர்கள் அதற்குள்தான் காவல் இருக்கிறார்கள்.

சரி, உன் வேலைக்கு வருவோம். வெளிக்கோடு எதையும் வரையாதே. கப்பல் எந்தக் கரையில் ஏறப் போகிறது, சரிவு எத்தனைக்கு ஒன்று, ஓதம் எவ்வளவு, முன்னால் திட்டு உண்டா என்று உன் சாரிடம் முதலில் கேள். "நீயே முடிவு பண்ணிக்கோ" என்றால் ஒரு நிஜக் கரையை எடுத்து அதன் கடல் வரைபடத்தை வாங்கிவிடு. பாலாஸ்ட் கணக்குப் போட்டதும் இரண்டு நிலைக்கும் டிராஃப்ட் (தண்ணீருக்குள் இறங்கும் ஆழம்) எவ்வளவு வருகிறது என்று எனக்கு அனுப்பு, நானும் ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன். ஸ்ட்ரெய்னர் இரண்டு வை, ஒன்று போதாது.

அன்புடன்,
அப்பா